பந்தோபஸ்து டியூட்டியும் நம் வாசல் கழிப்பறையும்

(சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்க அறையில் பேசியது. அன்று ஊரில் இல்லாத சிலர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் இரண்டு முறை மைக் நின்றுபோனதை மட்டும் விட்டுவிட்டேன்.)



என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வங்கிக் கவுண்டரில் 36 வருடம் உட்கார்ந்தவன் நான். ஐந்து நிமிடத்தில் எந்த வேலையையும் முடித்துக் கொடுத்ததில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே நன்றாகப் பேசிவிட்டார்கள். நான் பேசப் போவது வேறு. மேடையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். சிறுநீர்.

சிரிக்கிறீர்கள். பிள்ளைகள் சிரிக்கலாம். முன்வரிசையில் இருக்கும் என் வயதுக்காரர்கள் சிரிக்கவில்லை, கவனியுங்கள். எங்களுக்குத் தெரியும். கொடியேற்ற இறங்கி வருமுன் ஒரு தரம், வந்து உட்கார்ந்த பிறகு ஒரு தரம். திருப்பதிக்கு பஸ்ஸில் போவதென்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறோம். அந்த அவஸ்தையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் நம்முடைய அவஸ்தை இல்லை.

போன ஜூன் மாதம் ஒரு கட்சி ஊர்வலம் நம் சி.டி.எச். ரோடு வழியாகப் போனது ஞாபகம் இருக்கும். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், எல்லாக் கட்சியும் ஊர்வலம் போகிறது. அன்றைக்கு நம் கேட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். வயது 25 இருக்கலாம். நல்ல வெயில். மதியம் ஒன்றரை மணி வாக்கில் தண்ணீர் லாரிக்காரரின் ரசீதில் கையெழுத்துப் போட நான் கீழே இறங்கியிருந்தேன். அந்தப் பெண் செக்யூரிட்டி கேபினுக்கு வந்து, "அண்ணா, டாய்லெட் இருந்தா யூஸ் பண்ணிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். நம் வாட்ச்மேன் பெரியவர் தயங்கிக்கொண்டே, "வெளி ஆளுங்களுக்குக் கிடையாதும்மா, அசோசியேஷன் ரூல்" என்றார். அந்தப் பெண் நினைத்திருந்தால் ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். காக்கிச்சட்டை போட்டிருக்கிறாரே. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார்.

நான் அதைக் கேட்டேன். கேட்டும் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். நாலரை மணிக்குப் பால் வாங்க இறங்கினால் அந்தப் பெண் அங்கேயே நிற்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போய், "எத்தனை மணிக்கு வந்தீங்கம்மா?" என்று கேட்டேன். "காலைல ஏழு மணிக்கு சார்." "சாப்டீங்களா?" "பொட்டலம் வந்துச்சு சார், சாப்பிடலை. சாப்பிட்டா தண்ணி குடிக்கணுமே." அவ்வளவுதான் சொன்னார். கூட்டிக்கொண்டு போய்க் கழிப்பறையைத் திறந்துவிடச் சொன்னேன். அதற்குள் ஒன்பதரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ச்மேன் மேல் தப்பு இல்லை. அந்த விதியை எழுதியவன் நான். 2020-ல் கொரோனா நேரத்தில் நான் செயலாளர். "வாசல் கழிப்பறை: வீட்டுப் பணியாளர், டிரைவர் மட்டும். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று என் கையாலேயே எழுதி, லேமினேட் செய்து ஒட்டினேன். அந்த நேரத்துக்கு அது சரி. கொரோனா போனது, அட்டை போகவில்லை. அதே 2020 மார்ச் 22-ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் பால்கனியில் நின்று தட்டைத் தட்டினோமே, டாக்டர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றி என்று? நானும் தட்டினேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டில் இன்றைக்கும் அந்த நெளிசல் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மறுநாள் நடைப்பயிற்சியில் நம் பி பிளாக் நண்பரிடம் கேட்டேன். கிரேடு 2 காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதுசு.

ஊர்வலம் சாயங்காலம் நாலு மணிக்கு என்றால் காலையிலேயே ரோல் கால். பிறகு வேனில் ஏற்றி ஒவ்வொரு பாயிண்ட்டாக இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பாயிண்ட் என்றால் ஒரு மின்கம்பமோ, ஒரு சந்து முனையோ. மாற்று ஆள் வராமல் அதைவிட்டு நகரக்கூடாது. அதிகாரி ரவுண்ட்ஸ் வரும்போது ஆள் இல்லையென்றால் மெமோ. வி.ஐ.பி. எப்போது வருவார் என்று நிற்பவருக்குச் சொல்ல மாட்டார்கள், அது பாதுகாப்பு ரகசியம். அதனால் "இன்னும் அரை மணி பொறுத்துக்கலாம்" என்று கணக்குப் போட்டு அடக்கிக்கொள்ளவும் வழி இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம் சில நாள் பன்னிரண்டு மணிக்கு வரும், சில நாள் மூன்றரைக்கு வரும். சாம்பார் சாதம் அதற்குள் புளித்திருக்கும். உட்கார இடம் கிடையாது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் "போலீஸ் தூங்குது" என்று யாராவது போனில் படம் எடுப்பார்கள். கை கழுவக் குடிதண்ணீர் பாட்டில்தான்.

"ஆம்பளைங்க நாங்க எப்படியாவது மறைவா ஒதுங்கிடுவோம் சார். இப்ப அதுவும் முடியலை. யூனிபார்மோட ஓரமா நின்னா வீடியோ எடுத்துப் போட்டுடறாங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஏனென்றால் அப்படி ஒரு படம் நம் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. நம் காம்பவுண்டு சுவர் ஓரம் ஒரு காவலர், முதுகுப் பக்கம். கீழே பதினைந்து இருபது சிரிப்பு பொம்மை. அதில் ஒரு பொம்மை என்னுடையது. நம் கேட்டில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பொதுக் கழிப்பறை தெரிகிறதா? அவர் எங்கே போயிருக்க வேண்டும் என்று அந்த பொம்மை போட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

பெண் காவலர்களின் நிலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. என் மனைவிதான் சொன்னாள். தண்ணீரே குடிக்காமல் இருந்து இருந்து சிறுநீர்த் தொற்று வருவது, மாதவிலக்கு நாட்களில் மாற்றிக்கொள்ள ஒரு மறைவு இல்லாமல் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்பது. இதெல்லாம் மேடையில் பேசும் விஷயமா என்று யாராவது நினைத்தால், நிற்கிறவர் அதைச் சொல்ல முடியாது, அதனால்தான் நான் சொல்கிறேன்.

சொல்ல முடியாது என்று நான் சொல்வது கூச்சத்தால் மட்டும் இல்லை. சட்டத்தாலும்தான். என் வேலையை வைத்தே சொல்கிறேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. வங்கி ஊழியர்களுக்கு முதல் இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1966 அக்டோபர் 19. சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், விடுப்பு எல்லாம் அதில் எழுத்தில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பழைய கதையாகிவிட்டது. ஆனால் அதன் பலனை அனுபவித்தவன் நான். கணக்கு நேராகாமல் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள் உண்டு. ஆனால் மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில், டீ குடித்துக்கொண்டு, ஓவர்டைம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு கிளையில் கழிப்பறைக் குழாய் உடைந்து மூன்று நாள் சரி செய்யவில்லை என்று மதிய இடைவேளையில் வாசலில் நின்று கோஷம் போட்டோம். நாலாம் நாள் பிளம்பர் வந்தார்.

அதே 1966-ல்தான் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது, பத்திரிகைக்குப் பேசக்கூடாது. ஆயுதம் வைத்திருக்கிற படை வேலைநிறுத்தம் செய்தால் நாடு என்னாவது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே வருடத்தில் எனக்கு வாய் கொடுத்தார்கள், அவருக்கு வாயை அடைத்தார்கள். அதற்கும் நூறு வருடம் முந்தைய 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 22-வது பிரிவு, காவல் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. வெள்ளைக்காரன் எழுதியது. எப்போதும் பணி என்றான். எப்போது ஒதுங்கலாம் என்று எழுதவில்லை.

இது நம் பி பிளாக் நண்பரின் தனிப்பட்ட புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் சேர்ந்து 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவல்துறையினரிடம் கேட்டு ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். சராசரி வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி. பாதிப் பேருக்கு வார விடுமுறையே கிடையாது. வங்கியில் எங்களுக்கு ஆறரை மணி நேரம். அதற்கே நாங்கள் புலம்பினோம்.

அந்த வருடமே நவம்பரில் 'மிக மிக அவசரம்' என்று ஒரு படம் வந்தது. சுரேஷ் காமாட்சி இயக்கியது. பந்தோபஸ்துக்காகப் பாலத்தில் நிறுத்தப்பட்ட ஒரு பெண் காவலர், இயற்கை உபாதைக்குப் போக முடியாமல் படும் பாடுதான் முழுப் படமும். நான் அப்போது அதைப் பார்க்கவில்லை. இதை வைத்து இரண்டு மணி நேரம் படமா என்று நினைத்தேன். அந்தப் பெண் நம் வாசலில் நின்ற பிறகுதான் பார்த்தேன்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஜூனில், முதலமைச்சர் போகும் வழியில் சாலையோர பந்தோபஸ்துக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று அப்போதைய டி.ஜி.பி. திரிபாதி உத்தரவு போட்டார். அது முதலமைச்சரே சொல்லி வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அது வி.ஐ.பி. பாதைக்கு. ஊர்வலம், மாநாடு, கோயில் திருவிழா, தேர்தல் எல்லாம் வேறு கணக்கு. அதனால்தான் நம் வாசலில் அந்தப் பெண். ஜூலை கடைசியில் அடுத்த டி.ஜி.பி. சைலேந்திர பாபு, காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று சுற்றறிக்கை விட்டார். பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு, அன்றைக்கு வயர்லெஸ் மைக்கில் வாழ்த்து. நவம்பரில் அரசாணையும் வந்தது, கிரேடு 2 காவலர் முதல் ஏட்டு வரை. "ஆர்டர் இருக்கு சார். ஆனா பந்தோபஸ்துன்னு வந்துட்டா முதல்ல போறது அந்த வீக்லி ஆஃப்தான்" என்கிறார் நண்பர். ஆள் பற்றாக்குறை இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். கேஷில் பணம் இல்லாமல் செக் மட்டும் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள், மொத்தம் 22 பேர். 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். 2023 மார்ச்சில் பொன்விழா கொண்டாடியபோது முதலமைச்சர் சில சலுகைகளை அறிவித்தார். அதில் ஒன்று, பெண் காவலர்களின் ரோல் கால் காலை ஏழிலிருந்து எட்டுக்கு மாற்றம். இன்னொன்று, கழிப்பறையுடன் கூடிய ஓய்வறை. நல்லது. ஆனால் கணக்குப் பிள்ளை மனசு சும்மா இருக்காதே. 2023-ல் இருந்து 1973-ஐக் கழித்தேன்.

கடைப் பெண்களுக்கு விடிவு வந்தது உங்களுக்குத் தெரியும். கேரளம் 2018-ல் வழி காட்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. தீபாவளி சமயம் தி.நகர் ஜவுளிக் கடைக்குள் ஸ்டூல் இருக்க வேண்டும், சட்டம். கடை வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தி நிற்கும் காவலருக்கு ஸ்டூல் கிடையாது. தீபாவளி என்றதும் நினைவுக்கு வருகிறது. நண்பர் தன் பிள்ளைகளோடு ஒரு தீபாவளிகூட வெடி வெடித்ததில்லையாம். ஓய்வு பெற்ற வருடம்தான் முதல் தீபாவளி. அதற்குள் பிள்ளைகளுக்கே பிள்ளைகள். "பேரனோட கம்பி மத்தாப்பு பிடிச்சேன் சார்" என்றார். அவ்வளவு பெரிய மீசைக்காரர், அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆர்டர்லி சமாச்சாரம் தனி. பயிற்சி பெற்ற காவலரை அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டவும் காய்கறி வாங்கவும் வைத்துக்கொள்வது. 1979-லேயே அரசு அந்த முறையை ஒழித்து ஆணை போட்டுவிட்டது. 43 வருடம் கழித்து 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் அதை ஒழித்துக் காட்டுங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இதை நாம் இந்தக் கேட்டில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. விட்டுவிடுகிறேன்.

சிலர் கேட்பீர்கள், இந்த பந்தோபஸ்தே வெறும் பகட்டுதானே, எதற்கு இத்தனை பேர் ரோட்டில் நிற்க வேண்டும் என்று. பாதி உண்மை. ஆனால் நம் பக்கத்து மனிதர்கள் அதை முழுசாகச் சொல்ல முடியாது. 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி பூந்தமல்லி சாலை வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அங்கே வெடித்த குண்டில் அவரோடு இறந்தவர்களில் பந்தோபஸ்தில் இருந்த காவல்துறையினரும் உண்டு, ஒரு எஸ்.பி. உட்பட. அந்த வழக்கு நடந்ததும் நம் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். 1998 ஜனவரியில் தீர்ப்பு வரும்வரை அந்த இடத்தைச் சுற்றி இரவும் பகலும் பாரா. நண்பர் அங்கே சில மாதம் நின்றவர். தீர்ப்பு என்ன, யாருக்கு என்ன தண்டனை என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. மழை நாளில் ஒதுங்க இடமில்லாமல் ஷூவுக்குள் கால் ஊறிப்போனது ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. நேற்று இதைப் பேசப் போகிறேன் என்றதும் லிஃப்டில் ஒருவர் கேட்டார். "லஞ்சம் வாங்கறவங்களுக்கும் அடிக்கிறவங்களுக்கும் பரிதாபமா சார்?" நியாயமான கேள்வி. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். கொரோனா நேரம், நாம் தட்டு தட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு ஓய்வில்லை, கழிப்பறை இல்லை என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. யாராவது அப்படிச் சமாதானம் சொன்னால் அவரோடு நான் சேர மாட்டேன். தப்பு செய்தவருக்குத் தண்டனை வேண்டும், அதற்குக் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் அதற்காக நம் வாசலில் நின்ற 25 வயசுப் பெண்ணை ஒன்பதரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்க வைப்பது எந்தக் கோர்ட்டின் தண்டனை? என் கிளையில் ஒரு காசாளர் கையாடல் செய்து மாட்டினார். மறுநாள் கவுண்டருக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அது எனக்கு எப்படி இருந்தது என்று இன்னும் மறக்கவில்லை.

மும்பையில் ஒன்று நடந்தது. அங்கே ஒரு சாதாரண கான்ஸ்டபிள், எட்டு மணி நேர ஷிஃப்ட் சாத்தியம்தான் என்று தானே கணக்குப் போட்டு, போலீஸ் கமிஷனர் பட்சல்கிகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 2016 மே மாதம் தேவ்னார் காவல் நிலையத்தில் சோதனையாக ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஒரு காவலர் வாயைத் திறந்து, மேலே இருந்தவர் காது கொடுத்தால் இப்படியும் நடக்கும். நம் ஆவடி ஆணையரகம் 2022 ஜனவரி 1-ல்தான் உருவானது. நம் பகுதி அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் சேர்த்து அதன் கீழே வருகிறது. புது வீடு. நல்ல பழக்கத்தைப் புது வீட்டில் ஆரம்பிப்பது சுலபம். நம் சங்கத்தின் பெயரில் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஊர்வல பந்தோபஸ்துக்கு ஆள் நிறுத்தும்போது, எந்தெந்தக் குடியிருப்பு, எந்தெந்தக் கல்யாண மண்டபம், எந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையைத் திறந்துவிடும் என்று ஒரு பட்டியல் காவலர் கையில் இருக்கட்டும், அதில் எங்கள் பெயரை முதலில் எழுதுங்கள் என்று. 2017-ல் தெற்கு டெல்லி மாநகராட்சி, ஓட்டல்களின் கழிப்பறையை அதிகபட்சம் ஐந்து ரூபாய்க்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. நாம் அந்த ஐந்து ரூபாயும் கேட்கப் போவதில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். 2020-ல் நான் எழுதிய அந்த விதியை நீக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முறைப்படி கேட்டுக்கொள்கிறேன். செலவு என்ன என்று பொருளாளர் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். துப்புரவு அம்மாவிடம் பேசிவிட்டேன். தினம் இன்னொரு தரம் கழுவ மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். வருடத்துக்கு 6,000. நம்முடையது 148 வீடு. வீட்டுக்கு வருடம் 40 ரூபாய் 54 காசு. அந்த 54 காசுகளை வேண்டுமானால் நானே கட்டிவிடுகிறேன்.

பாதுகாப்புக்கு என்ன என்று கேட்டார்கள். கழிப்பறை கேட்டுக்கு உள்ளே நாலடியில் இருக்கிறது, கேபினுக்கு எதிரே. கேட்டில் கேமரா இருக்கிறது. அங்கிருந்து யாரும் பிளாக்குக்குள் போக முடியாது. ராத்திரி ரவுண்ட்ஸ் வரும் காவலர் நம் கேட்டில் தொங்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாரே, எங்கள் வங்கிக் கிளை வாசலிலும் அப்படி ஒன்று இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் நமக்கு நிம்மதி. பகல் இரண்டு மணிக்கு அவர் உள்ளே வந்தால் மட்டும் நமக்குப் பயம். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

காவலர்களுக்கு மட்டும்தானா என்று நம் மகளிர் குழுத் தலைவி கேட்டார். சரியான கேள்வி. குப்பை எடுக்க வரும் மாநகராட்சி அம்மாக்கள், சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள், கூரியர் பையன்கள், எல்லோருக்கும்தான். அவர்களும் நாள் முழுக்க ரோட்டில் இருப்பவர்கள்தான். நான் காவலரை வைத்து ஆரம்பித்ததற்குக் காரணம், நான் திருப்பி அனுப்பியது அவரை.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மண் பானை, ஒரு டம்ளர். கோடையில் போக்குவரத்துக் காவலர்களுக்கு மோரும் தொப்பியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி வருடா வருடம் நடக்கிறது. நம்முடையதில் படம் வேண்டாம். பானை மட்டும் போதும். பானைக்குப் பக்கத்தில் நம் சங்கத்தின் பெயர்ப் பலகை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண்களுக்காக ஒரு மூடிய குப்பைத் தொட்டியும், அலமாரியில் சில நாப்கின் பாக்கெட்டும் வைப்பதாக மகளிர் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது என் கணக்கில் வரவில்லை, அவர்கள் கணக்கில்.

கை தூக்கச் சொல்லித் தலைவர் கேட்பார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், லிஃப்டில் கேட்டதை இங்கேயே கேளுங்கள். நிறைவேறினால் சாவி இன்றைக்கே செக்யூரிட்டி கேபின் ஆணியில் தொங்கும். அந்த லேமினேட் அட்டையை நேற்று ராத்திரியே கழற்றிவிட்டேன், தீர்மானத்துக்கு முன்னால் கழற்றியது விதிமீறல்தான், மன்னிக்கவும். ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. தச்சருக்குச் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை வருகிறார். அதுவரை பெண்கள் யாராவது வந்தால் நம் வாட்ச்மேன் பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.